ஆஸ்திரேலியாவில் ஹெக்ஸ் கடனில் கல்லூரிப் படிப்பு: விண்ணப்பம் முதல் கடைசித் தவணை வரை

படிக்கும்போது கையிலிருந்து கட்டணம் கட்ட வேண்டாம். வேலைக்குப் போய், சம்பளம் ஓர் அளவைத் தாண்டிய பிறகு, தாண்டிய தொகைக்கு ஏற்பக் கட்டினால் போதும். ஆஸ்திரேலியாவின் ஹெக்ஸ்-ஹெல்ப் கடன் இந்த ஏற்பாட்டில்தான் நடக்கிறது. சிட்னியிலும் மெல்பர்னிலும் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலவும் இதைக் கேள்விப்பட்டிருக்கும். ஆனால் வங்கிக் கல்விக் கடனைப் போல நினைத்துக்கொண்டு தேவையில்லாமல் பயப்படுபவர்கள் உண்டு. "எல்லாம் அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்" என்று விட்டுவிட்டுத் தேதிகளைத் தவறவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே பணத்தைத் தின்னும்.

எதிர்கால வருமானத்தின் பேரில் கல்விக்குப் பணம் தரலாம் என்று பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-லேயே எழுதினார். 1970-களில் யேல் பல்கலைக்கழகம் அதை நடத்திப் பார்த்தது. ஒரே ஆண்டு மாணவர்கள் எல்லோரும் சேர்ந்து மொத்தக் கடனுக்குப் பொறுப்பு என்று வைத்ததால், கட்டாமல் போனவர்களின் பாரம் ஒழுங்காகக் கட்டியவர்கள் தலையில் விழுந்தது, திட்டம் கைவிடப்பட்டது. நாடு முழுவதற்கும் முதலில் செய்து காட்டியது ஆஸ்திரேலியாதான். 1974 முதல் அங்கே பல்கலைக்கழகக் கல்வி இலவசமாக இருந்தது. பொருளியலாளர் புரூஸ் சாப்மன் வடிவமைத்த ஹெக்ஸ் 1989-ல் வந்தபோது கட்டணம் ஆண்டுக்கு 1,800 டாலர். வசூலை வங்கியிடம் விடாமல் வரித்துறையிடம் ஒப்படைத்ததுதான் அது நிலைத்ததற்குக் காரணம். வருமானம் எவ்வளவு என்று வரித்துறைக்குத் தெரியும். சம்பளத்திலிருந்து பிடிக்கவும் அதனால் முடியும். கடன் கேட்டு வீட்டுக்கு யாரும் வருவதில்லை, ஜாமீன் கையெழுத்தும் இல்லை. இனி வரும் விதிகள் எல்லாவற்றையும் இந்தக் கோணத்தில் பார்த்தால் எளிதாகப் புரியும்.

முதல் படி: தகுதி. இங்கேதான் பெரிய ஏமாற்றம் நடக்கிறது

இரண்டு தனித்தனிச் சலுகைகள் இருக்கின்றன. ஒன்று, அரசு மானியம் பெற்ற இடம். கட்டணத்தின் ஒரு பகுதியை அரசாங்கமே பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிடும். மாணவர் பங்கு மட்டும் மிச்சம். இன்னொன்று, அந்த மாணவர் பங்கைப் பிறகு கட்டிக்கொள்ளலாம் என்கிற ஹெக்ஸ்-ஹெல்ப் கடன். முதலாவது கிடைத்தால் இரண்டாவதும் தானாகக் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

ஆஸ்திரேலியக் குடிமக்களுக்கு இரண்டும் உண்டு. பி.ஆர். என்னும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை மட்டும் வைத்திருப்பவருக்கு மானிய இடம் உண்டு, கடன் இல்லை. மாணவர் பங்கு முழுவதையும் ஒவ்வொரு பருவத்திலும் முன்பணமாகக் கட்ட வேண்டும். கெடுவுக்குள் கட்டாவிட்டால் அந்தப் பாடங்களிலிருந்து பெயர் நீக்கப்படும். நிரந்தர மனிதாபிமான விசாவில் இருந்து ஆஸ்திரேலியாவிலேயே வசிப்பவர்களுக்குக் கடன் கிடைக்கும். விசா முடிவுக்காகக் காத்திருக்கும்போது தரப்படும் தற்காலிக பிரிட்ஜிங் விசாவில் இருப்பவர்களுக்கு இரண்டுமே கிடையாது. தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ மாணவர் விசாவில் போகிறவர்களுக்கும் இந்த வழிகாட்டி பொருந்தாது. அவர்கள் முழுக் கட்டணம் கட்ட வேண்டும்.

குடியுரிமை விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டதாகக் கடிதம் வந்தாலும் போதாது. உறுதிமொழி எடுக்கும் விழா முடிந்த பிறகே பெரும்பாலானோர் குடிமக்கள் ஆகிறார்கள். அந்த விழா பாடத்தின் சென்சஸ் தேதிக்கு (பாடக் கட்டணம் கடனாகப் பதிவாகும் நாள்) முன்னால் நடந்தால் அந்தப் பருவத்துக்கே கடன் கிடைக்கும். ஒரு வாரம் பிந்தினாலும் அந்தப் பருவக் கட்டணம் கையிலிருந்துதான். பிள்ளை பிளஸ் டூ நிலையில் இருக்கும்போது குடியுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். வெறும் தாமதத்தால் ஒரு பருவத்தில் பல ஆயிரம் டாலர் போவது சாதாரணமாக நடக்கிறது.

இரண்டாம் படி: கட்டணத்தைப் பாடவாரியாகக் கணக்கிடுங்கள்

2021-ல் வந்த மாற்றத்துக்குப் பிறகு மாணவர் பங்கு நான்கு படிநிலைகளில் இருக்கிறது. 2025-ல் முழுநேரப் படிப்புக்கு ஓர் ஆண்டின் உச்ச வரம்பு இது: ஆசிரியப் பயிற்சி, செவிலியம், கணிதம், மொழிகள், வேளாண்மை ஆகியவற்றுக்கு 4,627 டாலர். பொறியியல், ஐ.டி., அறிவியல், கட்டடக்கலை ஆகியவற்றுக்கு 9,314. மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவத்துக்கு 13,241. சட்டம், வணிகவியல், கணக்கியல், பொருளியல் ஆகியவற்றுக்கும் சமூகவியல் போன்ற கலைப் பாடங்கள் பலவற்றுக்கும் 16,992. இந்தத் தொகைகள் ஒவ்வொரு ஜனவரியும் கொஞ்சம் கூடும்.

பட்டத்தின் பெயரைப் பார்த்துப் படிநிலை அமைவதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியாக அமைகிறது. ஆண்டுக்கு எட்டுப் பாடங்கள் என்றால் வணிகவியல் பாடம் ஒன்றுக்கு 2,124 டாலர், கணிதப் பாடம் ஒன்றுக்கு சுமார் 578 டாலர். ஆகவே பி.காம். படிப்பவர் விருப்பப் பாடமாகக் கணிதத்தை எடுத்தால், அந்த ஒரு பாடத்திலேயே ஆயிரத்து ஐந்நூறு டாலருக்கு மேல் கடன் குறையும். அதற்காகப் பிடிக்காத பாடத்தை எடுக்கச் சொல்லவில்லை. இரண்டு பாடங்களுக்கு நடுவில் தயங்கி நின்றால் இதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொள்ளலாம்.

மூன்று ஆண்டுக்குக் கூட்டிப் பார்த்தால் செவிலியம் சுமார் 13,900, ஐ.டி. சுமார் 28,000, வணிகவியல் சுமார் 51,000 டாலர். விடுதி, சாப்பாடு, புத்தகம் எதுவும் இந்தக் கடனில் அடங்காது. அதற்கு அரசின் உதவித்தொகை அமைப்பான சென்டர்லிங்கின் யூத் அலவன்ஸ் போன்றவற்றைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: எண்கள், பெயர், படிவம்

படிவம் நிரப்பும் முன் இரண்டு எண்கள் கையில் இருக்க வேண்டும்: வரித்துறை தரும் டி.எஃப்.என்., மாணவர் அடையாள எண்ணான யூ.எஸ்.ஐ. இரண்டும் இலவசம். டி.எஃப்.என். வர 28 நாள் வரை ஆகலாம் என்பதால் பள்ளி முடிந்ததும் விண்ணப்பித்துவிடுவது நல்லது. காசு கேட்டு இதை வாங்கித் தருவதாகச் சொல்லும் இணையதளங்களை நம்ப வேண்டாம்.

நம்மவர்களுக்கு இந்த இடத்தில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு: பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும். பள்ளியில் இன்ஷியல் மட்டும் இருக்கும். வங்கிக் கணக்கில் இரண்டும் இடம் மாறியிருக்கும். டி.எஃப்.என். பதிவிலுள்ள பெயரும் பிறந்த தேதியும் பல்கலைக்கழகப் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று வரித்துறை சரிபார்க்கும். "கார்த்திக் சண்முகம்" ஓரிடத்திலும் "சண்முகம் கார்த்திக்" இன்னோரிடத்திலும் இருந்தால் பொருந்தவில்லை என்று திரும்பி வரும். சென்சஸ் தேதி நெருங்கும் நேரத்தில் இதைத் திருத்தி ஓடுவது பெரும்பாடு. டி.எஃப்.என்., யூ.எஸ்.ஐ., பல்கலைக்கழகப் பதிவு மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

இனி படிவம். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துப் பதிவு செய்யும்போது, அரசு ஆதரவும் ஹெக்ஸ்-ஹெல்ப் கடனும் கேட்கும் மின்படிவம் வரும். வங்கிக்குப் போக வேண்டாம், பெற்றோர் வருமானச் சான்றும் தேவையில்லை. ஒரு படிப்புக்கு ஒரு முறை கொடுத்தால் போதும். ஆனால் படிப்பு மாறினாலோ பல்கலைக்கழகம் மாறினாலோ புதிதாகக் கொடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டால் முழுப் பங்கையும் முன்பணமாகக் கட்ட வேண்டியிருக்கும். மாணவர் வசதிக் கட்டணத்துக்கு எஸ்.ஏ.-ஹெல்ப் என்று தனிப் படிவம் உண்டு; வேண்டுமென்றால் அதையும் கொடுங்கள்.

நான்காம் படி: சென்சஸ் தேதி

ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சென்சஸ் தேதி உண்டு. வழக்கமான இரு பருவங்களில் மார்ச் மாதக் கடைசியிலும் ஆகஸ்ட் மாதக் கடைசியிலும் அது வரும். பாடம் ஐந்தில் ஒரு பங்காவது நடந்த பிறகே அதை வைக்க முடியும். அன்றைய நிலவரப்படி நீங்கள் எந்தெந்தப் பாடங்களில் இருக்கிறீர்களோ அவை கடனாகப் பதிவாகும். சென்சஸ் தேதிக்குள் விலகினால் ஒரு காசு கடன் இல்லை. மறுநாள் விலகினால் அந்தப் பாடத்தின் முழுத் தொகையும் கடன். வகுப்புக்கே போகவில்லை, தேர்வும் எழுதவில்லை என்பதெல்லாம் கணக்கில் வராது. பிடிக்காத பாடத்துக்குப் போவதை நிறுத்தினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். இணையத்தில் நுழைந்து முறைப்படி விலக வேண்டும்.

சென்சஸ் முடிந்து 28 நாளுக்குள் கடன் விவரம் அடங்கிய நோட்டீஸ் வரும். தப்பு இருந்தால் நோட்டீஸ் தேதியிலிருந்து 14 நாளுக்குள் எழுதிக் கேட்க வேண்டும். மாணவர் மின்னஞ்சலுக்கு வரும் அந்த நோட்டீஸைப் பலர் திறப்பதே இல்லை.

சென்சஸுக்குப் பிறகு கடும் நோய், குடும்பத்தில் இறப்பு என்று கைமீறிய காரணத்தால் பாடத்தை முடிக்க முடியாமல் போனால், கடனை நீக்கக் கோரலாம். விலகிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பல்கலைக்கழகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும். பாதிப்பு எந்தத் தேதியில் தொடங்கியது, எப்போது கடுமையானது என்பதை மருத்துவர் சான்றில் தேதியோடு எழுதி வாங்குங்கள். "உடல்நலம் சரியில்லை" என்ற பொதுவான சான்றுதான் பல விண்ணப்பங்களைக் கவிழ்க்கிறது.

ஐந்தாம் படி: வேலை கிடைத்ததும்

வேலையில் சேரும்போது நிரப்பும் டி.எஃப்.என். அறிவிப்பில் ஹெல்ப் கடன் இருக்கிறதா என்று கேட்பார்கள். "ஆம்" என்று குறியுங்கள். குறிக்காவிட்டால் சம்பளத்தில் கூடுதலாகப் பிடிக்க மாட்டார்கள், கைக்கு அதிகம் வரும். ஆண்டு முடிவில் மொத்தமும் ஒரே பில்லாக வந்து இறங்கும்.

எவ்வளவு பிடிப்பார்கள்? 2025-26 நிதியாண்டில் கணக்கு முறையே மாறிவிட்டது. அதற்கு முன்பு வரம்பைத் தாண்டினால் மொத்த வருமானத்திலும் ஒரு குறிப்பிட்ட சதவீதம் போனது. இப்போது வரம்புக்கு மேலுள்ள தொகைக்கு மட்டும்தான். 2025-26 கணக்குப்படி 67,000 டாலர் வரை ஒன்றும் இல்லை. அதற்கு மேல் 1,25,000 வரை டாலருக்கு 15 சென்ட். அதற்கு மேல் 1,79,285 வரை 17 சென்ட். அதையும் தாண்டினால் மொத்த வருமானத்தில் 10 சதவீதம். வரம்புகள் ஆண்டுதோறும் மாறும் என்பதால் ஜூலையில் வரித்துறைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

75,000 டாலர் வாங்குபவருக்கு ஆண்டுக்கு 1,200 டாலர், அதாவது மாதம் நூறு. 85,000 என்றால் 2,700. ஒரு லட்சம் என்றால் 4,950. கடன் 14,000 ஆனாலும் 51,000 ஆனாலும் இந்தத் தொகை மாறாது. கட்டும் அளவை வருமானம் தீர்மானிக்கிறது. எத்தனை ஆண்டு கட்டுவது என்பதைத்தான் கடன் தீர்மானிக்கிறது. கணவன் அல்லது மனைவியின் சம்பளம் இதில் சேராது.

இரண்டு வேலை பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது: ஒவ்வொன்றிலும் 45,000 டாலர் என்றால் எந்த முதலாளியும் ஹெக்ஸுக்காகப் பிடிக்க மாட்டார், ஏனென்றால் அவரவர் பார்வையில் நீங்கள் வரம்புக்குக் கீழே. மொத்தம் 90,000 என்பதால் ரிட்டர்ன் போடும்போது 3,450 டாலர் கட்டச் சொல்லி வரும். ஒரு முதலாளியிடம் சொல்லிக் கூடுதலாகப் பிடிக்க வையுங்கள், அல்லது மாதாமாதம் நீங்களே ஒதுக்கி வையுங்கள்.

'வருமானம்' என்று இங்கே எதை எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். வரிக்குட்பட்ட வருமானத்தோடு, சம்பளத்திலிருந்து சூப்பர் என்னும் ஓய்வுக்கால நிதிக்குத் திருப்பிய தொகை, நிறுவனம் தரும் கார் குத்தகை போன்ற சலுகைகள், வாடகை வீட்டில் காட்டிய நிகர நட்டம் எல்லாவற்றையும் திரும்பக் கூட்டுவார்கள். சம்பளம் 72,000, வாடகை வீட்டில் 5,000 நட்டம் காட்டியதால் வரிக்குட்பட்ட வருமானம் 67,000. இனி ஹெக்ஸ் இல்லை என்று நினைப்பவருக்கு 750 டாலர் கட்டாயத் தவணை வரும். வரியைக் குறைக்கும் வழிகள் பெரும்பாலும் ஹெக்ஸைக் குறைப்பதில்லை.

ஆறாம் படி: ஜூன் 1-ஐப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தக் கடனுக்கு வட்டி இல்லை, ஆனால் இன்டெக்சேஷன், அதாவது குறியீட்டுக்கு ஏற்ற உயர்வு, உண்டு. 11 மாதத்துக்கு மேல் நிலுவையில் இருக்கும் பகுதியை ஒவ்வொரு ஜூன் 1-ம் தேதியும் உயர்த்துவார்கள். 2023-ல் அது 7.1 சதவீதமாகப் பாய்ந்தபோது பெரும் கொந்தளிப்பு எழுந்தது. அதன் பிறகு சட்டம் மாறி, விலைவாசிக் குறியீடு, ஊதியக் குறியீடு இரண்டில் எது குறைவோ அதுதான் என்று ஆனது. முன்தேதியிட்டு 2023-ன் விகிதத்தை 3.2 ஆகவும் 2024-ன் விகிதத்தை 4.7-லிருந்து 4 ஆகவும் குறைத்தார்கள். 2025-ல் 3.2. அந்த ஆண்டு இன்டெக்சேஷனுக்கு முன்பிருந்த தொகையைக் கணக்கில் வைத்து எல்லோர் கடனிலும் ஒரு முறை 20 சதவீதத்தைக் கழித்தார்கள். இனியும் அப்படி நடக்கும் என்று எதிர்பார்த்துத் திட்டமிட வேண்டாம்.

51,000 டாலர் கடனுக்கு 3.2 சதவீதம் சுமார் 1,630 டாலர். 75,000 சம்பளக்காரர் கட்டுவதோ 1,200. கட்டிக்கொண்டே இருக்கும்போதும் கடன் ஏறும். 85,000 வாங்கினால் ஆண்டுக்கு ஆயிரம் டாலர் அளவில்தான் அசல் குறையும். அதே 85,000 வாங்கும் செவிலியர் தன் 14,000 கடனை ஆறு ஆண்டில் முடித்துவிடுவார். வணிகவியல், கலைப் பட்டதாரிகள் மீதுள்ள அநியாயம் இந்தக் கணக்கில் பளிச்சென்று தெரிகிறது. இங்கிலாந்தில் குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு மீதிக் கடன் தள்ளுபடி ஆவது போல இங்கே கிடையாது. பிள்ளைப்பேறுக்காக வேலையை விட்டு நிற்கும் பெண்ணுக்குத் தவணை இல்லை, ஆனால் கடன் ஏறுவது நிற்காது.

இன்னொரு சூட்சுமம்: சம்பளத்தில் மாதாமாதம் பிடித்த பணம் உடனே கடனில் கழியாது. ஜூலைக்குப் பிறகு நீங்கள் டாக்ஸ் ரிட்டர்ன் போட்டதும்தான் கழியும். அதற்குள் ஜூன் 1 வந்து பழைய முழுக் கடன் மீதும் ஏற்றிவிடும். அதைத் தணிக்க வேண்டுமென்றால் மே மாதத்தில் நீங்களாகவே ஒரு தொகை கட்டலாம். பீபே என்னும் வங்கிவழி பில் கட்டும் முறையில் கட்டிய பணம் போய்ச் சேரச் சில வேலை நாள் ஆகும் என்பதால் மே 20-க்குள் முடித்துவிடுங்கள்.

ஆனால் கட்டுவதா வேண்டாமா என்று முதலில் யோசியுங்கள். தானாக முன்வந்து கட்டினால் முன்பு கிடைத்த தள்ளுபடி 2017-லேயே போய்விட்டது. கட்டியதைத் திரும்பக் கேட்க முடியாது. அந்த ஆண்டின் கட்டாயத் தவணையிலும் அது கழியாது. வீட்டுக் கடன் இருந்து அதன் வட்டி இன்டெக்சேஷனை விட அதிகம் என்றால், அந்தப் பணம் வீட்டுக் கடன் வட்டியைக் குறைக்கும் ஆஃப்செட் கணக்கில் இருப்பதே லாபம். கிரெடிட் கார்டு நிலுவை இருந்தால் பேச்சே இல்லை, அதை முதலில் அடைத்துவிடுங்கள். கையிருப்பைத் துடைத்து ஹெக்ஸ் கட்டுவது பெரும்பாலும் தவறான முடிவு. வேலை போனால் ஹெக்ஸ் தவணை தானாக நிற்கும், வாடகை நிற்காது. விதிவிலக்கு ஒன்று: வீடு வாங்கக் கடன் கேட்கும்போது ஹெக்ஸ் தவணையை மாதச் செலவாக வங்கி எடுத்துக்கொள்ளும். பாக்கி இரண்டு மூவாயிரம்தான் என்றால் அதை முடித்துவிட்டுப் போனால் வங்கி தரும் தொகை கூடலாம். தரகரிடம் இரண்டு விதமாகவும் கணக்குப் போடச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: வெளிநாடு போனால்

சிங்கப்பூரிலோ சென்னையிலோ லண்டனிலோ வேலை கிடைத்துப் போகிறீர்கள் என்றால் கடன் உங்களோடு வரும். 12 மாதத்தில் 183 நாளோ அதற்கு மேலோ வெளியே இருக்கப் போகிறீர்கள் என்றால், கிளம்பி 7 நாளுக்குள் அரசின் இணையச் சேவைத் தளமான மைகவ் வழியாக வரித்துறைக்கு வெளிநாட்டு முகவரி தெரிவிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 31-க்குள் உலகளாவிய வருமானத்தைக் காட்ட வேண்டும். அங்கே வாங்கும் ரூபாயையோ பவுண்டையோ ஆஸ்திரேலிய டாலருக்கு மாற்றி, அதே 67,000 வரம்பில் வைத்துப் பார்ப்பார்கள். சென்னைச் சம்பளத்தில் பலர் வரம்புக்குக் கீழே இருப்பார்கள். தவணை வராவிட்டாலும் தெரிவிக்கும் கடமை போகாது, இன்டெக்சேஷனும் ஓடும்.

சிரமம் வந்தால், முடியும்போது

ஆண்டு முழுவதற்குமான வருமானம் வரம்பைத் தாண்டிவிட்டது, ஆனால் இப்போது கையில் எதுவும் இல்லை என்றால், கட்டாயத் தவணையைத் தள்ளிவைக்கச் சொல்லி வரித்துறையிடம் வரவு செலவுக் கணக்கோடு விண்ணப்பிக்கலாம். துணைவரோ பிள்ளைகளோ உள்ள குடும்பத்தில் குறைந்த குடும்ப வருமானத்தால் மெடிகேர் லெவி (அரசு மருத்துவத் திட்டத்துக்கான வரி) குறைக்கப்பட்டாலோ விலக்கப்பட்டாலோ, அந்த ஆண்டு கட்டாயத் தவணை இல்லை. கடன்காரர் இறந்தால் அதுவரை விதிக்கப்பட்ட தவணையை மட்டும் அவர் சொத்திலிருந்து எடுப்பார்கள். மீதி ரத்தாகும், பெற்றோரையோ துணையையோ தொடராது.

கடைசி ஆண்டில் மைகவ்-ல் பாக்கியைப் பாருங்கள். இதுவரை பிடித்தது பாக்கியை அடைக்கப் போதும் என்று தெரிந்தால், வரிப் பிடித்தம் பற்றிய புதிய அறிவிப்புப் படிவத்தை முதலாளியிடம் கொடுத்துப் பிடிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். கடன் முடிந்ததாக வரித்துறை உங்கள் முதலாளிக்குச் சொல்லாது. நீங்கள் சொல்லும்வரை அவர் பிடித்துக்கொண்டே இருப்பார். அதிகம் பிடித்தது ரிட்டர்ன் போட்ட பிறகு, வேறு வரி பாக்கி இல்லாவிட்டால், உங்கள் கணக்குக்குத் திரும்பும்.